அத்தியாயம் 7: சுத்தியலும் வால்வும் ஈயமும்

பெரிய துளை ஏர் ரைஃபிள் வாங்கியவர் சீக்கிரமே கேட்கிற கேள்வி, "இன்னும் கொஞ்சம் வேகம் ஏற்ற முடியாதா?" என்பதுதான். முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது காற்று அழுத்தத்தில். 3,000 பிஎஸ்ஐ வரை நிரப்பச் சொல்லியிருக்கும் பாட்டிலில் 3,300 ஏற்றினால் குண்டு இன்னும் வேகமாகப் போகும் என்று நம்புகிறார்கள். அது ஆபத்து என்பது ஒருபுறம். பல துப்பாக்கிகளில் அப்படி ஏற்றினால் வேகம் குறையவே செய்யும். அது ஏன் என்று புரிந்துவிட்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்த மாதிரி.

இங்கே பேசப்போவது .357, .45, .50 அளவுக் குழல்கள் உள்ள, முன்கூட்டியே காற்று அடைத்த துப்பாக்கிகளைப் பற்றி. இவற்றின் சொந்த ஊர் இன்று அமெரிக்காதான். டெக்சஸ் மாநிலத்தில் 2018 முதல் மான் வேட்டைக்கே இவற்றை அனுமதித்திருக்கிறார்கள். குழல் .30க்குக் குறையக் கூடாது. 150 கிரெயினுக்குக் குறையாத குண்டு விநாடிக்கு 800 அடி வேகத்திலாவது கிளம்ப வேண்டும், அல்லது 215 அடி-பவுண்டு ஆற்றலாவது இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளையையோ 20 ஜூல் ஆற்றலையோ தாண்டினால் உரிமம் தேவை. இங்கே நாம் பேசுவது அதைப்போல முப்பது மடங்கு ஆற்றல். வேட்டைக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஆகவே இந்திய வாசகருக்கு இந்த அத்தியாயம் படித்துத் தெரிந்துகொள்வதற்கு மட்டும்.

வால்வு ஏன் திறக்க மறுக்கிறது

டிரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் ஒரு சுத்தியலை விடுவிக்கிறது. சுத்தியல் போய் வால்வின் தண்டில் இடிக்கிறது. வால்வு ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் திறந்து மூடுகிறது. அந்த நேரத்தில் வெளியேறும் காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. வால்வை மூடி வைத்திருப்பதும் பாட்டிலில் உள்ள அதே காற்றுதான். ஆடிக் காற்று வெளியிலிருந்து அழுத்தும்போது கதவை வெளிப்பக்கம் தள்ளித் திறக்க எவ்வளவு பாடு! அழுத்தம் கூடக் கூட வால்வைத் திறப்பதும் அப்படித்தான் கடினமாகிறது. சுத்தியலின் அடி மாறாமல் அழுத்தம் மட்டும் ஏறினால் வால்வு அரைகுறையாகத் திறந்து உடனே மூடிக்கொள்ளும். குண்டுக்குப் போக வேண்டிய காற்று பாட்டிலிலேயே தங்கிவிடும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை 'வால்வ் லாக்' என்கிறார்கள்.

அழுத்தம் மிகக் குறைந்தால் வால்வு நன்றாகத் திறக்கும், ஆனால் தள்ளுவதற்கு வலு இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் வேகம் உச்சத்தைத் தொடும். ரெகுலேட்டர் (வால்வுக்குப் போகும் அழுத்தத்தைச் சீராக வைக்கும் கருவி) இல்லாத துப்பாக்கியில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் அழுத்தம் இறங்குவதால் வேகம் முதலில் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். ட்யூனிங் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த மேட்டை நமக்கு வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, அதன் தலையைத் தட்டையாக்குவதுதான்.

இதற்குக் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்று கண்டிப்பாக வேண்டும். அது இல்லாமல் ஸ்குரூ டிரைவரை எடுக்கவே எடுக்காதீர்கள். ஒளி உணரும் மலிவான வகையே போதும். ரேடார் வகை இருந்தால் வெயில் நிழல் தொல்லை இல்லை. தொழிற்சாலையில் இருந்து வந்த அமைப்பை மாற்றாமல், நிரப்பச் சொன்ன அழுத்தத்தில் தொடங்கி, ஒவ்வொரு ரவுண்டுக்கும் வேகத்தையும் அதற்கு முன் இருந்த அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உச்சம் தாண்டி நன்றாகக் கீழிறங்கும் வரை நிறுத்த வேண்டாம்.

உதாரணத்துக்கு .45 குழலில் 255 கிரெயின் குண்டு போட்டு இப்படி ஒரு தாள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 3,000 பிஎஸ்ஐயில் 918 அடி. 2,750இல் 936. 2,500இல் 938. 2,250இல் 921. 2,000இல் 889. முதல் நான்கு ரவுண்டுகளுக்குள் 20 அடி வித்தியாசம். இதே துப்பாக்கியை 2,850 வரை மட்டும் நிரப்பினால் முதல் மூன்று ரவுண்டும் ஏறத்தாழ 930க்கும் 939க்கும் நடுவில் அடங்கிவிடும். ஒரு திருகைக்கூடத் தொடாமல் வித்தியாசம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நூறு கஜத்தில் இதன் அர்த்தம் என்ன? விநாடிக்கு 940 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு நூறு கஜம் போவதற்குள் சுமார் 22 அங்குலம் கீழே விழுகிறது. வேகத்தில் 20 அடி மாறினால் விழும் உயரம் ஏறக்குறைய ஓர் அங்குலம் மாறும். தாளில் விழும் ஓட்டைகளின் குழுமம் மேலும் கீழும் நீண்டு, பக்கவாட்டில் ஒட்டியிருந்தால் குற்றவாளி வேக வித்தியாசம்தான். ஸ்கோப்பைத் திட்டிப் பயனில்லை.

உச்சம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தபின் சுத்தியல் ஸ்பிரிங்கைத் தொடலாம். ஸ்பிரிங்கை இறுக்கினால் அடி பலமாகும், உச்சம் மேல் அழுத்தத்துக்கு நகரும், உச்சி வேகமும் கூடும். தளர்த்தினால் எல்லாம் தலைகீழ். கால் சுற்று, பிறகு ஒரு முழுத் தொடர், பிறகு இன்னொரு கால் சுற்று என்று போங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. உச்சம் நிரப்பும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே வந்து நின்றால் போதும். அதற்கு மேல் இறுக்குவது காற்றை வீணாக்கும்: குண்டு குழலை விட்டுப் போன பிறகும் வால்வு திறந்தே இருக்கும், சத்தம் கூடும், ரவுண்டு எண்ணிக்கை குறையும், வேகம் மட்டும் ஏறாது.

பலமான ஸ்பிரிங்கில் இன்னொரு தொல்லை உண்டு. வால்வில் இடித்த சுத்தியல் பின்னால் துள்ளி, ஸ்பிரிங் தள்ள மீண்டும் வந்து இடிக்கும். வால்வு இரண்டாம் முறை திறக்கும். சுட்டதும் 'புர்ர்' என்று ஒரு வால் சத்தம் ஒட்டிக்கொண்டு வந்தால் அதுதான். சுத்தியல் ஓய்வு நிலையில் ஸ்பிரிங் அதை அழுத்தாதபடி ஒரு சிறு இடைவெளி விட்டு அமைப்பது இதற்கு நல்ல மருந்து. அப்படி அமைத்து விற்கப்படும் ஸ்பிரிங் வழிகாட்டிகள் சில துப்பாக்கிகளுக்குக் கிடைக்கின்றன. உங்கள் மாடலுக்குக் கிடைத்தால், என் கருத்தில், முதலில் வாங்க வேண்டிய பாகம் அதுதான். நீளமான குழலெல்லாம் பிறகு.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். .457 அங்குலத் துளையின் பரப்பு 0.164 சதுர அங்குலம். 3,000 பிஎஸ்ஐ அதன் மேல் முழுதாக அழுத்தினால் 492 பவுண்டு விசை. ஏர்ஃபோர்ஸ் டெக்சன் துப்பாக்கிக்கு 34 அங்குலக் குழல். அந்த நீளம் முழுக்க அழுத்தம் குறையாமல் தள்ளினால் 1,394 அடி-பவுண்டு கிடைக்க வேண்டும். உண்மையில் .45 டெக்சன் வகையில் கிடைப்பது 500 சொச்சம். 255 கிரெயின் குண்டு 940 அடி வேகத்தில் போனால் சரியாக 500 அடி-பவுண்டு, அதாவது 678 ஜூல். மீதி மூன்றில் இரண்டு பங்கு எங்கே போனது? குண்டு முன்னால் ஓட ஓட அதன் பின்னால் இடம் பெரிதாகி அழுத்தம் விழுகிறது. காற்று குறுகலான வழியில் நெருக்கி வர வேண்டியிருக்கிறது. காற்று தன்னைத்தானே தள்ளிக்கொண்டு போகவும் ஆற்றல் செலவாகிறது.

இதில் இருந்து மூன்று விஷயங்கள் தெரிகின்றன. குழலின் நீளம் காசில்லாத ஆற்றல். காற்று வரும் பாதை அகலமாகவும் வளைவில்லாமலும் இருக்க வேண்டும். டெக்சனில் வால்வு குழலுக்கு நேர் பின்னால் இருப்பதால் காற்று திரும்ப வேண்டியதில்லை. வழக்கமான துப்பாக்கிகளில் காற்று செங்குத்தாக மேலேறி ஒரு துளை வழியாகக் குழலுக்குள் நுழைகிறது. மூன்றாவது, வால்வுக்குப் பின்னால் தயாராக நிற்கும் காற்றின் கன அளவு. ஓர் அடி-பவுண்டுக்கு ஒரு சிசி என்பது ட்யூனர்களின் கைக்கணக்கு. 500 அடி-பவுண்டுக்கு 500 சிசி! டெக்சனின் பாட்டில் மொத்தமே 490 சிசி. அதாவது பாட்டில் முழுவதும் ஒரே ரவுண்டுக்குத் தோள் கொடுக்கிறது. பெரிய துளைகளில் ரெகுலேட்டர் பலகாலம் ஏன் வரவில்லை என்பதற்கு இதுவே பதில். ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவில் சின்ன அறை மட்டும் இருந்தால், வேகம் சீராக இருக்கும், ஆனால் ஆற்றல் படுத்துவிடும். யூமரெக்ஸ் ஹேமர் என்ற .50 துப்பாக்கி 4,500 பிஎஸ்ஐ கார்பன் ஃபைபர் டேங்கில் காற்றை வைத்து, 3,000 பிஎஸ்ஐக்கு ரெகுலேட் செய்து, 550 கிரெயின் குண்டை 760 அடி வேகத்தில் தள்ளுகிறது. எழுநூறு அடி-பவுண்டு. ஆனால் முழு வலிமையில் மூன்று ரவுண்டுதான்.

ரெகுலேட்டர் உள்ள துப்பாக்கியை ட்யூன் செய்வது சுலபம். அழுத்தம் மாறாததால் மேடு கிடையாது. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே போங்கள். ஓர் இடத்துக்கு மேல் வேகம் ஏறுவது நின்றுவிடும். அங்கிருந்து நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை வேகம் குறையும் அளவுக்குத் தளர்த்தி விடுங்கள். காற்று மிச்சமாகும், சத்தம் குறையும். ரெகுலேட்டர் மெதுவாகக் கசிந்து அழுத்தம் ஏறுகிறதா என்பதை, பத்து நிமிடம் விட்டுச் சுட்ட முதல் ரவுண்டின் வேகம் காட்டிக் கொடுத்துவிடும்.

வால்வைக் கடைசல் மிஷினில் கடைவது, துளையைப் பெரிதாக்குவது போன்றவற்றை இந்தப் புத்தகத்தில் சொல்லப்போவதில்லை. 3,000 பிஎஸ்ஐ தாங்க வேண்டிய உலோகத்தில் சுவரை மெலிதாக்குவது, எவ்வளவு மெலிதாகலாம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. அதைவிட, குண்டின் எடையைக் கூட்டினாலே ஆற்றல் கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கனமான குண்டு குழலுக்குள் அதிக நேரம் தங்குகிறது, காற்று அதைத் தள்ள அதிக அவகாசம் கிடைக்கிறது. 255 கிரெயினில் 500 அடி-பவுண்டு தரும் துப்பாக்கி 350 கிரெயினை 820 அடி வேகத்தில் தள்ளினாலே 520ஐத் தாண்டும். விலை: பாதை இன்னும் வளையும், தூரத்தைத் தவறாகக் கணித்தால் அதிகமாகத் தவறும். வேகத்தைத் துரத்தி ஒலியின் வேகத்தை (20 டிகிரி வெப்பத்தில் விநாடிக்குச் சுமார் 1,125 அடி) நெருங்குவதில் லாபமில்லை. அந்த எல்லையில் ஈயக் குண்டுகள் தள்ளாடும். 850 முதல் 950 வரை அமைதியான இடம்.

குண்டும் குழலும்

சீரான வேகம் வந்த பிறகும் குழுமம் விரிந்திருந்தால் இனிக் குண்டைப் பார்க்க வேண்டும். .45 என்று பெயர் இருந்தாலும் குழல்கள் .452, .454, .457, .458 என்று பலவிதம். மெத்தென்ற சுத்த ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவி, குழலுக்குள் பொருந்தும் பித்தளைக் கம்பியால் வாயிலிருந்து பின்புறம் வரை மெதுவாகத் தள்ளுங்கள். வெளியே வந்ததை மைக்ரோமீட்டரால் அளந்தால் பள்ளத்தின் அளவு கையில். தள்ளும்போது கம்பியில் கையை வைத்து உணருங்கள்: எங்கேயாவது திடீரென்று லேசாகிப் பிறகு இறுகினால் அந்த இடத்தில் குழல் அகன்றிருக்கிறது. வாய்ப்பக்கம் இறுக்கமாக முடிந்தால் நல்ல குழல். வாய்ப்பக்கம் தளர்ந்தால் எந்த ட்யூனிங்கும் அதைக் காப்பாற்றாது.

வெடிமருந்துத் துப்பாக்கிக்கு வார்த்த குண்டை அப்படியே போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அவற்றின் ஈயத்தில் தகரமும் ஆன்டிமனியும் கலந்து கடினமாக்கியிருப்பார்கள். வெடிமருந்தின் அழுத்தம் பல்லாயிரம் பிஎஸ்ஐ. அது கடின ஈயத்தையும் பின்னால் புடைக்க வைத்துக் குழலை அடைத்துவிடும். காற்றின் 3,000 பிஎஸ்ஐக்கு அந்தத் தெம்பு இல்லை. சுத்த ஈயம் பிரினெல் கடினத்தன்மை அளவில் 5 இருக்கும், காற்றுக்கு அதுவோ அதற்குச் சற்று மேலோதான் சரி. கடினமான குண்டாக இருந்தால் சரியான அளவுக்குச் சைஸ் செய்து போட வேண்டும். பெரிதாக இருந்தால் உள்ளே தள்ளுவதற்கே விரல் வலிக்கும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆழத்தில் உட்காரும். அந்த ஆழம் மாறினாலே வேகம் மாறும்.

நல்ல தராசில் ஒவ்வொரு குண்டையும் எடை போட்டு, ஒரு கிரெயின் இடைவெளிக்குள் இருப்பவற்றை ஒரு டப்பாவில் போடுங்கள். எடை மிகக் குறைந்தது உள்ளே காற்றுக் குமிழி உள்ள வார்ப்பு. அதை மறுபடி உருக்கலாம். உருக்கும்போது காற்றோட்டம் வேண்டும், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்த அறையில் குழந்தைகள் கூடாது.

எவ்வளவு நீளமான குண்டைக் குழல் சுழற்ற முடியும் என்பதற்கு 1879இல் ஜார்ஜ் கிரீன்ஹில் தந்த வாய்பாடு இன்றும் கைகொடுக்கிறது. விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது வரும். .457 விட்டம், 0.8 அங்குல நீளம் என்றால் 39 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதே விட்டத்தில் 1.1 அங்குல நீளக் குண்டு 28 கேட்கும். கனமான குண்டுக்கு மாறி, தாளில் ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் சாவித் துளைபோல் விழுந்தால், குண்டு சரியாகச் சுழலவில்லை என்று அர்த்தம்.

காற்றும் எண்ணெயும்

வேகமாக நிரப்பினால் காற்று சூடாகும். நிரப்பியவுடன் மீட்டர் 3,000 காட்டும், கால் மணி கழித்துப் பார்த்தால் இறங்கியிருக்கும். கசிவு என்று பயந்து பிரித்துவிடாதீர்கள். ஆறவிட்டு, மீண்டும் கொஞ்சம் ஏற்றி, பிறகு சுடுங்கள். உண்மையான கசிவைச் சோப்பு நுரை சொல்லும். நிரப்பும் பாடு புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்திரிய ராணுவம் பயன்படுத்திய ஜிராண்டோனி காற்றுத் துப்பாக்கிக்கு, பின்கட்டையே காற்றுப் பாட்டில். சிப்பாய் கைப்பம்பை நூற்றுக்கணக்கான தடவை அடித்து நிரப்ப வேண்டும். ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் 1804இல் அமெரிக்க மேற்கு நோக்கிக் கிளம்பியபோது எடுத்துச் சென்றதும் அந்த வகைதான் என்கிறார்கள். வேலையைச் சொல்வதானால், 490 சிசி பாட்டிலைக் கைப்பம்பில் நிரப்புகிறவருக்கு இன்றும் அதே கதிதான். கார்பன் ஃபைபர் சிலிண்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அமெரிக்காவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை நீர் அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் பதினைந்து ஆண்டு.

காற்று உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் இருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது. காற்றுப் பாதையில் பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. உயர் அழுத்தத்தில் அது தானாகவே பற்றி வெடிக்கக்கூடும். ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ். சுத்தியல் ஓடும் குழாய் காற்றுக்கு வெளியே இருப்பதால் அங்கே மோலி கிரீஸை மிக மெல்லிசாகத் தேய்க்கலாம். அதிகம் பூசினால் குளிர்காலக் காலையில் கெட்டியாகி, முதல் இரண்டு ரவுண்டும் மெதுவாகப் போகும். நீங்களோ ஸ்பிரிங்கைச் சந்தேகிப்பீர்கள். பிரிப்பதற்கு முன் காற்று முழுவதும் வெளியேறியதா என்று பாருங்கள். மீட்டர் பூஜ்ஜியம் காட்டுவதை மட்டும் நம்பாமல், குண்டில்லை என்று உறுதி செய்து, பத்திரமான திசையில் வெறும் காற்றாகச் சுட்டு, சத்தமே வராமல் போகும் வரை தொடருங்கள்.

பின்தடுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பெல்லட்டுக்கான தகரப் பொறிகள் இந்தக் குண்டுக்கு ஒன்றுமே இல்லை. 678 ஜூல் என்பது கைத்துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். கனமான மண் மேடு வேண்டும், அதன் பின்னால் யாரும் இல்லாத வெளி வேண்டும்.

எல்லாம் அமைந்த பிறகு, நிரப்ப வேண்டிய மேல் அழுத்தத்தையும் நிறுத்த வேண்டிய கீழ் அழுத்தத்தையும் ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பாட்டிலில் ஒட்டிவிடுங்கள். 2,850 முதல் 2,100 வரை என்று இரண்டே எண். குண்டின் எடையையும் அதில் சேருங்கள், ஏனென்றால் குண்டை மாற்றினால் அந்த எண்களும் மாறும். பாட்டிலை வெறுமையாக வைக்க வேண்டாம். உள்ளே 1,000 பிஎஸ்ஐயாவது இருந்தால் வால்வு தன் இருக்கையில் அழுந்தி மூடியிருக்கும், தூசி புகாது.